தைபேயில் மணம், மணவாள நகரில் நாற்றம்

மணவாள நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில் நாகாலாந்துப் பையன்கள் மூன்று பேர் இருந்தார்கள். தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. வந்த இரண்டாவது வாரம், நைட் ஷிப்ட் முடிந்து காலையில் அவர்கள் சமைத்தபோது மாடிப்படி முழுக்க ஒரு வாடை இறங்கியது. "எலி ஏதோ செத்துக் கிடக்கு தம்பி" என்றார் வீட்டு ஓனர். எலி இல்லை என்று எனக்குத் தெரியும். "மேல சமைக்கிறாங்க சார், சொல்லிடுங்க" என்றேன். சொன்னார். மாதக் கடைசியில் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்கு ஆறு மாதம் முன்புதான் ஆபீஸ் வேலையாகத் தைபே போயிருந்தேன். அங்கே இரவுச் சந்தையில் அரை மணி நேரம் வரிசையில் நின்று சௌ தோஃபு வாங்கினேன். 'நாறும் டோஃபு' என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தமே. சாக்கடை ஓரம் நிற்பது போலிருந்தது. போட்டோ எடுத்து, "வாழ்க்கையில் ஒருமுறையாவது!" என்று ஸ்டேட்டஸ் போட்டேன்.

பையன்கள் சமைத்தது அகுனி. சுமி நாகர்களின் உணவு. அவித்த சோயாவை இலையில் பொதிந்து அடுப்போரம் சில நாள் புளிக்க வைப்பார்கள். டோஃபுவும் சோயாவிலிருந்து வருவதுதான். இரண்டிலும் நுண்ணுயிர்கள் புரதத்தை உடைக்கின்றன, வாடை கிளம்புகிறது. நான் ஒன்றுக்குக் காசு கொடுத்தேன், இன்னொன்றுக்குப் புகார் கொடுத்தேன்.

சௌ தோஃபுவும் ஊருக்கு ஊர் வேறு. சாங்ஷாவில் கருகருவென்று பொரித்து மிளகாய்ச் சாறு ஊற்றித் தருவார்கள். தைவானில் ஊறவைத்த முட்டைக்கோஸ் தொட்டுக்கொள்ள. ஷாவ்சிங்கில் கீரைத்தண்டை உப்புநீரில் அழுகவிட்டு, அந்த நீரில் டோஃபுவை ஊறப்போடுகிறார்கள். நாம் சாம்பாரில் போடுகிறோமே, அந்தத் தண்டுக்கீரை இனம்தான். நாற்றத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இண்டோல் என்கிற சேர்மம். அதே இண்டோல் மல்லிகைப் பூவிலும் கொஞ்சம் இருக்கிறது.

"நாலு குடும்பம் இருக்கிற இடம் ப்ரோ, அடுத்தவங்களையும் பார்க்கணும்ல" என்பீர்கள். பார்க்கலாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு நம் தெருவில் யார் யாரிடம் அனுமதி கேட்கிறார்கள்? மிளகாய் வறுத்தால் தெருவே இருமுகிறது, ஒருவரும் காலி செய்வதில்லை. எது வாசனை, எது நாற்றம் என்று முடிவு செய்வது வாடகை வாங்குகிற கை.

2007-ல் டெல்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்கென்று ஒரு கையேடு போட்டது. மூங்கில் குருத்து, அகுனி போன்ற நாறும் பதார்த்தங்களை அக்கம்பக்கத்தில் ரகளை வராமல் சமையுங்கள் என்று அதில் அறிவுரை. அகுனி சமைக்க இடம் தேடி டெல்லியில் அலைபவர்களைப் பற்றிய 'ஆக்ஸோன்' படத்தைப் பார்த்துவிட்டு வடக்கத்தியர்களைத் திட்டியவன்தான் நானும். திட்டிய வாய் மணவாள நகரில் என்ன பேசியது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

நம் ஊர் மட்டும் என்ன? 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப பஸ் ஏறிய மூதாட்டியை நாறுகிறது என்று இறக்கிவிட்டார்கள். வீடியோ பரவி, முதலமைச்சர் கண்டித்து, டிரைவரும் கண்டக்டரும் சஸ்பெண்ட் ஆனார்கள். பரவாத வீடியோக்களின் கணக்கு நம்மிடம் இல்லை.

என் அம்மா பழவேற்காட்டிலிருந்து நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தால் ஐந்து பிளாஸ்டிக் கவர் சுற்றி, மேலே துணி சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்தும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வறுப்பாள். அந்த ஜன்னல் என்னைக் கூசச் செய்ததே இல்லை, பழகிவிட்டது. மன்னார் வளைகுடாப் பக்கம் உப்பிட்ட மீனைப் பனையோலைப் பாயில் சுற்றிக் குழியில் புதைத்துப் பதப்படுத்துகிற முறை உண்டு. அதைத் தேடிப்போய் எழுத நம்மில் ஒருவரும் இல்லை. சாங்ஷா டோஃபு பற்றி மட்டும் மணிக்கணக்காகப் பேசுவோம்.

போன வாரம் ஓனர் வந்தார். மாடிக்கு டு-லெட் போர்டு எழுத வேண்டுமாம். "வாடை வர்ற சமையல் கூடாதுன்னு இங்கிலீஷ்ல டீசன்ட்டா எப்படி தம்பி போடறது?"

எழுதித் தர மாட்டேன் என்றேன். மாடியில் இருந்த பையன்களைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன்.

"சரி விடுங்க, பையனை எழுதச் சொல்லிக்கறேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.