ஹீரோவுக்கு என்ன விலை?

காலேஜில் படிக்கும் உங்கள் பிள்ளை பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. வைத்த தோசை வைத்தபடி ஆறிப் போகிறது. என்னடா என்று கேட்டால், "எனக்கு ஹீரோ வேணும், அம்மா!" என்கிறான். பயந்துவிடாதீர்கள், அம்மணி! இது சினிமாப் பைத்தியமும் அல்ல, காதல் விவகாரமும் அல்ல. கம்ப்யூட்டர் விவகாரம். (பிள்ளை என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கேட்பது பெண்ணாகவும் இருக்கலாம். இந்த விளையாட்டில் பெண்களும் இளைத்தவர்கள் அல்ல.)

அவன் கேட்கும் ஹீரோவின் முழுப் பெயர் 'ரோக் கிராஸ்ஹேர் எக்ஸ்870ஈ ஹீரோ'. தைவான் நாட்டு அஸூஸ் கம்பெனியார் 2024-ல் வெளியிட்ட மதர்போர்டு. அமெரிக்காவில் அப்போது வைத்த விலை சுமார் 700 டாலர். பெட்டியைத் திறந்தால் கறுப்புப் பட்டு உடுத்திய மணப்பெண் மாதிரி இருக்கும். மின்சாரம் கொடுத்தால் வர்ண விளக்கு வேறு மினுக்கும். பார்த்த பிள்ளை சொக்கிப் போனதில் அதிசயமில்லை.

ஆனால் நாம் சொக்கக் கூடாது அல்லவா? விலையைக் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள். விளையாட்டுக்காரர்கள் கொண்டாடுகிற ரைஸன் 7 9800எக்ஸ்3டி என்னும் பிராஸசருக்கு அதே 2024-ல் அறிவித்த விலை 479 டாலர். மூளை 479, மூளையை உட்கார்த்தி வைக்கும் பலகை 700!

மதர்போர்டு என்பது சமையலறை மேடையைப் போன்றது. அடுப்பு, மிக்ஸி, தண்ணீர்க் குழாய் எல்லாம் அதன் மேல்தான் வந்து சேர வேண்டும். மேடை ஆட்டம் கண்டால் சமையலே நடக்காது. அதற்காக, சலவைக்கல்லில் மேடை போட்டுவிட்டதனால் சாம்பார் சீக்கிரம் கொதித்துவிடுமா? கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். விளையாட்டில் விநாடிக்கு எத்தனை படம் திரையில் ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பவை பிராஸசரும் கிராபிக்ஸ் கார்டும். ஒரே பிராஸசரையும் ஒரே கார்டையும் நல்ல நடுத்தரப் பலகையில் மாட்டினாலும், இந்த ஹீரோவில் மாட்டினாலும், ஆட்டத்தின் வேகத்தில் கண்ணுக்குத் தெரியும்படியான வித்தியாசம் இராது.

"அப்படியானால் 700 டாலர் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

முதல் காரணம் மின்சாரம். வெந்நீர் போடும் ஹீட்டர் 2,000 வாட் தின்கிறது. ஆனால் 230 வோல்ட்டில் வருவதால் அதற்கு 9 ஆம்பியர் போதும். நான் சொன்ன பிராஸசருக்கு உச்ச வரம்பே 162 வாட்தான். ஆனால் அது குடிப்பதோ ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட மெல்லிய மின்சாரம். அழுத்தம் குறைந்த கார்ப்பொரேஷன் குழாயில் குடம் சீக்கிரம் நிறைய வேண்டுமானால் குழாய் அகலமாக இருக்க வேண்டும், இல்லையா? அதுபோல இந்தச் சின்னச் சில்லுக்கு 100 ஆம்பியருக்கு மேல் தேவைப்படுகிறது. 12 வோல்ட்டாக வருவதை இறக்கிக் கொடுக்கும் உறுப்புகள்தான் மதர்போர்டின் உயிர்நாடி.

ஹீரோவில் பிராஸசருக்கென்று மட்டும் அப்படி 18 உறுப்புகள். ஒவ்வொன்றும் 110 ஆம்பியர் தாங்கும் என்று கணக்கு. பெருக்கினால் 1,980 ஆம்பியர்! நாலு பேருக்குக் காப்பி போடக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுவது போலத்தான். அண்டா நல்ல அண்டா, சந்தேகமில்லை. சூடேறாமல், அலுங்காமல் வேலை செய்யும். ஆனால் அதில் பாதி திறமுள்ள பலகைக்கே இந்தப் பிராஸசர் ஒரு சுமையல்ல.

இரண்டாவது, சில்லுச் சமாசாரம். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். பலகையிலுள்ள வாசல்களையெல்லாம் மேய்ப்பதற்கு 'சிப்செட்' என்று ஒன்று உண்டு. எக்ஸ்870ஈ என்பது அதன் பெயர்தான். 2022-ல் வந்த பி650 பலகைகளில் ஒரு சில்லு இருக்கிறது. எக்ஸ்870ஈ பலகையில் அதே சில்லு இரண்டு இருக்கிறது. அவ்வளவுதான்! இரண்டு இருப்பதால் வாசல்கள் அதிகம், வேகம் அதிகமல்ல. பிராஸசரை முடுக்கிவிடும் வசதிகூட பி650-ல் உண்டு.

வாசல்கள் வேண்டியவர்களுக்கு ஹீரோ பிரமாதம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 40 கிகாபிட் வேகத்தில் இரண்டு யு.எஸ்.பி.4, வைஃபை 7, எம்.2 டிரைவுகளுக்கு ஐந்து இடம். வீடியோப் படம் தொகுக்கிறவர்கள், பெரிய பெரிய கோப்புகளை நாள் முழுதும் அள்ளிக் கொட்டுகிறவர்கள் ஆகியோருக்கு இவை உதவும். அதிலும் ஒரு சூட்சுமம் பாருங்கள். முதல் இடத்தை விட்டு மற்ற அதிவேக இடங்களில் டிரைவ் போட்டால், கிராபிக்ஸ் கார்டுக்குரிய 16 பாதைகளில் பாதி பறிபோய் எட்டுதான் மிஞ்சும். ஆட்டத்தில் அது பெரிதாகத் தெரியாது. ஆனாலும் 700 டாலர் கொடுத்து வாங்கிய வீட்டில் ஓர் அறையைத் திறந்தால் இன்னோர் அறை பாதி மூடிக்கொள்வானேன்?

விலை கூடினால் ஆபத்து குறையும் என்றும் எண்ண வேண்டாம். 2023 ஏப்ரலில், இதே ஏ.எம்.5 வகைப் பலகைகள் சிலவற்றில் எக்ஸ்3டி பிராஸசர்கள் கருகிப் போயின. வோல்ட்டேஜ் வரம்பு மீறியதே காரணம். உயர்ந்த விலைப் பலகைகளும் அதில் தப்பவில்லை. ஏ.எம்.டி. கம்பெனியார் 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி வரம்பு கட்டிப் புதிய பயாஸ் மென்பொருள் கொடுத்தார்கள். ஆகவே பலகை எதுவானாலும், வாங்கியவுடன் பயாஸைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பிராஸசர் இல்லாமலே புதுப்பிக்க உதவும் 'பயாஸ் பிளாஷ்பேக்' பொத்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். மலிவான பலகைகளிலும் பலவற்றில் அது இருக்கிறது.

நீடித்து உழைப்பதுகூட விலையைப் பொறுத்ததல்ல. பிராஸசர் உட்காரும் சாக்கெட்டைப் பொறுத்தது. 2017-ல் சாதாரண பி350 பலகை வாங்கியவர்கள் பலர், 2022-ல் வந்த 5800எக்ஸ்3டியை அதே பலகையில் பொருத்தி விளையாடினார்கள். பயாஸ் மட்டும் புதுப்பித்தால் போதுமாயிருந்தது. ஏ.எம்.5 சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. 2024-ல் சொல்லியிருக்கிறது. ஹீரோவுக்கு எந்தச் சாக்கெட்டோ அதேதான் அதன் ஏழைத் தம்பிக்கும்.

பையனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஹீரோ வேண்டாம். பி650 அல்லது பி850-ல் மின் உறுப்புகளின் மேல் கனமான உலோகக் கவசம் உள்ளதாக ஒன்று எடுத்துக்கொள். மிச்சத்தை கிராபிக்ஸ் கார்டில் போடு." 2025-ல் வந்தபோது ஆர்.டி.எக்ஸ். 5070 கார்டுக்கு 549 டாலர், 5070 டி.ஐ.க்கு 749 டாலர் என்று அறிவித்தார்கள். நடுவில் 200 டாலர்தான். அந்த 200 ஆட்டத்தில் கண்கூடாகத் தெரியும். பையன் கணக்குத் தெரிந்தவனானால் அன்று ராத்திரி தோசை ஆறாது. அதற்காக ஒரேயடியாக மலிவுக்குப் போய், கவசமே இல்லாத பலகையில் பெரிய பிராஸசரை மாட்டிவிடாதீர்கள். சூடு தாங்காமல் அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வீட்டில் உங்கள் பேர்தான் கெடும்.

ரிச்சி தெருவிலோ வேறெங்கோ வாங்கும்போது, கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சாக்கெட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்து, உள்ளேயிருக்கும் 1,718 ஊசிகளையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் வேறு கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த மூடியைக் குப்பையில் போட்டுவிடாமல் ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். மூடி இல்லாமல் வரும் பலகையை உத்தரவாதத்தில் ஏற்க மறுக்கும் கம்பெனிகள் உண்டு.