ஒரு சொல்லை மறைத்த வெள்ளை நாடா

மலையைக் குடைந்து பத்து கிலோ மீட்டருக்கு மேல் சுரங்கம் வெட்டிய மனிதர்களை ஒரு துண்டு வெள்ளை நாடாவால் மறைத்துவிட முடியுமா? முடியும் என்று ஜப்பானில் ஒரு நகரசபை நினைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த கதைதான் அது. அந்தக் கதையை நமது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் இது ஜப்பானுக்கு மட்டும் உரிய கதை அல்ல.

ஜப்பானின் நடுப்பகுதியில், மலைகள் சூழ்ந்த நகானோ நகரத்தின் எல்லைக்குள் மட்சுஷிரோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஜோஸான், மைஜுரு, மினகாமி என்று மூன்று மலைகள். மூன்றின் வயிற்றுக்குள்ளும் யுத்த காலத்துச் சுரங்கங்கள் கிடக்கின்றன. 1944 நவம்பர் 11-ஆம் தேதி முதல் வெடி வைத்தார்கள். 1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடையும் வரை, ஒன்பது மாத காலம், இரவு பகலாகத் தோண்டினார்கள். வேலையில் முக்கால் பங்குக்கு மேல் முடிந்திருந்தது. ஊராருக்கு ராணுவம் சொன்ன பெயர் "மட்சுஷிரோ கிடங்குக் கட்டுமானம்". அது கிடங்கா? ஜப்பானியச் சக்கரவர்த்தியும், அவருடைய படைத் தலைமையும், மந்திரிகளும் ஒளிந்துகொள்வதற்கான பொந்து!

யாருக்காக இந்தக் குகை?

1944 ஜூலையில் சைப்பான் தீவு அமெரிக்கர் கைக்குப் போயிற்று. அங்கிருந்து பறந்தால் பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்கு டோக்கியோ எட்டும் தூரம். யுத்தம் தோற்றுவிட்டது என்பது அப்போதே ஆளுவோருக்குத் தெரியும். தோற்ற யுத்தத்தை நிறுத்தினார்களா? இல்லை. தாங்கள் பதுங்க மலையைத் தேடினார்கள்.

மைஜுரு மலையில் சக்கரவர்த்திக்கும் ராணியாருக்கும் அறைகள், படைத் தலைமைக்கு இடம். ஜோஸான் மலையில் சர்க்கார் இலாகாக்கள், வானொலி நிலையம், தொலைபேசி நிலையம். மினகாமி மலையில் உணவுப் பண்டங்களுக்குக் கிடங்கு. அங்கே பாறை பலவீனமானது என்று தெரிந்ததால் மனிதர்களைக் குடிவைக்காமல் மூட்டைகளை வைக்கத் தீர்மானித்தார்கள்.

இந்தச் சுரங்கங்கள் வளர்ந்துகொண்டிருந்த அதே மாதங்களில் சாதாரண ஜப்பானிய ஜனங்களின் கதி என்ன? 1945 மார்ச் 10-ஆம் தேதி ஒரே இரவில், டோக்கியோவின் தொழிலாளர் குடியிருப்புகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் தீயில் கருகினார்கள். அவர்களுக்கு எந்த மலையிலும் அறை ஒதுக்கப்படவில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒகினாவா தீவில் யுத்தம் நடந்தது. தீவு மக்களில் நால்வருக்கு ஒருவர் மாண்டார். ஒகினாவாவைக் காப்பாற்ற அந்தப் போர் நடத்தப்படவில்லை. எதிரியை அங்கே முடிந்தவரை நிறுத்தி வைத்து, தலைநாட்டுக்கு அவகாசம் தேடவே நடத்தப்பட்டது. தேடிய அவகாசத்தில் மட்சுஷிரோவில் பாறை வெடித்துக்கொண்டிருந்தது!

இன்னொரு உண்மையையும் கேளுங்கள். 1945 பிப்ரவரியில், முன்னாள் பிரதம மந்திரி இளவரசர் கொனோயே சக்கரவர்த்தியிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். தோல்வி நிச்சயம், ஆனால் தோல்வியைக் காட்டிலும் அதோடு சேர்ந்து வரக்கூடிய கம்யூனிஸ்டுப் புரட்சிதான் அஞ்சத்தக்கது, ஆகவே யுத்தத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்னும் ஒரு வெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் சமாதானம் பேசலாம் என்பது சக்கரவர்த்தியின் பதில். அந்த ஒரு வெற்றி வரவில்லை. டோக்கியோ வெந்தது, ஒகினாவா அழிந்தது, ஹிரோஷிமாவும் நாகசாகியும் சாம்பலாயின. கொனோயே அஞ்சியது குண்டுக்கு அல்ல, தமது சொந்த ஜனங்களுக்கு. மலையைக் குடைந்து காப்பாற்ற நினைத்தது தேசத்தை அல்ல, சிம்மாசனத்தை.

தோண்டியது யார்?

ராணுவம் உத்தரவு போட்டது. கஜிமா, நிஷிமட்சு என்ற கட்டிடக் கம்பெனிகள் வேலையை எடுத்தன. தோண்டியவர்களில் பெரும்பாலோர் கொரியர்கள். வேலை உச்சத்தில் இருந்தபோது 6,000 முதல் 7,000 கொரியர்கள் அங்கே இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்து ஜப்பானியரும் வேலைக்கு இழுக்கப்பட்டார்கள். மைஜுரு மலையடிவாரத்துக் குடியானவர்களுக்கு, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும்படி உத்தரவு வந்தது.

முதலில் எட்டு மணி நேரம் மூன்று முறை வேலை. பின்னர் அவசரம் கூடியது. பன்னிரண்டு மணி நேரம் இரண்டு முறை ஆயிற்று. பாறையில் துளை போட வேண்டும், வெடி வைக்க வேண்டும், புகை அடங்குமுன் உள்ளே போய்க் கல்லை அள்ளித் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். தங்குவதற்குக் கூரையே சுவராகத் தரையைத் தொடும் முக்கோணக் கொட்டகைகள். நகானோவின் குளிர் காலத்தில், உறைபனியில், அந்தக் கொட்டகைகளில் படுத்தார்கள். சாப்பாடு சோளமும் சோயாவும். அரிசி கண்ணில் படுவது அபூர்வம்.

கொரியரின் உழைப்பு வேண்டும். கொரியர் மட்டும் வேண்டாம். இதற்கு ஒரு சான்று போதும். அரச வம்சத்தின் புனிதச் சின்னங்களை வைப்பதற்கு ஒரு தனி அறை தோண்ட வேண்டியிருந்தது. அந்த அறையை மட்டும் தூய ஜப்பானியர் கைகளே தோண்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். சக்கரவர்த்தி படுக்கும் அறையைக் குடையக் கொரியன் கை ஆகும். சாமிப் பெட்டி வைக்கும் அறையைத் தொட்டால் தீட்டு! தீண்டாமை என்பது என்னவென்று அறிந்த நமது ஜனங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே கண்டது

இன்று ஜோஸான் மலைச் சுரங்கத்தில் சுமார் 500 மீட்டர் தூரம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. மலையின் உள்ளே கிடப்பதோ கிட்டத்தட்ட ஆறு கிலோ மீட்டர். கட்டணம் கிடையாது, தலைக்கவசம் கொடுக்கிறார்கள். நாமும் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம்.

வெளியே எந்தப் பருவமாக இருந்தாலும் உள்ளே குளிர்தான். நான்கு மீட்டர் அகலம், ஓர் ஆளும் அரை ஆளும் நிற்கும் உயரம். சதுரங்கக் கட்டம் போல, நீளவாக்கில் சுரங்கங்களும் குறுக்கே இணைப்புச் சுரங்கங்களும் ஓடுகின்றன. கம்பித் தடுப்புக்கு அப்பால் விளக்கில்லாத கிளைகள் இருட்டில் போய் மறைகின்றன. பூச்சு எதுவும் இல்லாத பச்சைப் பாறை. வெடித்தபோது பிளந்த முனைகள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. துளையிட்ட இரும்புக் கம்பி ஒன்று பாறையில் சிக்கிக்கொண்டு, எடுக்க முடியாமல் அன்று விட்டது இன்றும் நிற்கிறது. தரையில் தள்ளுவண்டிப் பாதையின் குறுக்குக் கட்டைகள் பதிந்த தடம். இந்தச் சுரங்கங்களின் சுவரில் தேகு என்ற கொரிய நகரத்தின் பெயரையும் யாரோ ஒரு தொழிலாளி எழுதி வைத்துப் போயிருக்கிறான். சுரங்கத்தில் ஓய்வு கிடைத்த ஒரு நிமிஷத்தில் அவன் எழுதியது தன் பெயரை அல்ல, தன் ஊரின் பெயரை!

எரித்தவனே சாட்சி கேட்கிறான்

இந்தச் சுரங்கத்தின் வாயிலில் நகரசபை வைத்த விளக்கப் பலகை ஒன்று உண்டு. பல கொரியர்கள் "கட்டாயமாக"த் திரட்டப்பட்டு வேலை வாங்கப்பட்டார்கள் என்று அதில் முன்பு எழுதியிருந்தது. அந்தக் "கட்டாயமாக" என்ற சொல்லின் மீது நகரசபை வெள்ளை நாடாவை ஒட்டியது. எல்லோரும் கட்டாயத்தின் பேரில் வந்தவர்கள் அல்லவே என்று சிலர் புகார் செய்தார்களாம்! 2014-இல் விஷயம் பத்திரிகைகளில் அடிபட்டது, கண்டனம் எழுந்தது. நகரசபை அந்த ஆண்டிலேயே புதிய வாசகம் எழுதியது. கட்டாயமாகத் திரட்டப்பட்டார்கள் "என்று சொல்லப்படுகிறது". ஆனால் அக்காலத்து ஆவணங்கள் எஞ்சவில்லை ஆதலால், எல்லோரும் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் அல்லர் என்பது போன்ற பலவித அபிப்பிராயங்களும் உண்டு என்பது அதன் கருத்து.

ஆவணங்கள் எஞ்சவில்லையாம்! ஏன் எஞ்சவில்லை? கறையான் தின்றதா? 1945 ஆகஸ்டில் சரணடைந்த கையோடு, நாடெங்கும் ராணுவமும் இலாகாக்களும் காகிதங்களைக் கொளுத்தின. உத்தரவு போட்டுக் கொளுத்தின. அதனால்தான் மட்சுஷிரோவில் மாண்ட கொரியர் எத்தனை பேர் என்ற கணக்குக்கூட இன்று எவரிடமும் இல்லை. கொளுத்தியவர்களின் வாரிசுகள் இன்று கையை விரித்துக் காட்டி, "சாட்சியம் எங்கே?" என்று கேட்கிறார்கள். கொள்ளையடித்தவன் கணக்குப் புத்தகத்தை எரித்துவிட்டு, பறிகொடுத்தவனிடம் ரசீது கேட்பது இதுதான்.

சரி, அவர்கள் வாதத்தையே எடுத்துக்கொள்வோம். சில கொரியர்கள் பிழைப்புத் தேடித் தாமே ஜப்பானுக்கு வந்தார்கள் என்கிறார்கள். உண்மைதான், குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு. ஆனால் ஏன் வந்தார்கள்? 1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. நில அளவை என்ற பெயரால் குடியானவர்கள் பலர் நிலம் இழந்தார்கள். விளைந்த நெல் கப்பலேறி ஜப்பானுக்குப் போயிற்று. வயலையும் சோற்றையும் பறித்த பிறகு, கூலி தேடி வந்தவனைப் பார்த்து "நீயாகத்தானே வந்தாய்" என்பது என்ன நியாயம்?

மற்றவர்கள் எப்படி வந்தார்கள்? 1939 முதல் "ஆள் சேர்ப்பு" என்றார்கள். கம்பெனி ஏஜெண்டின் பின்னால் போலீஸ்காரன் நின்றான். 1942 முதல் "சர்க்கார் ஏற்பாடு" என்றார்கள். கிராமத்துக்கு இத்தனை தலை என்று எண்ணிக்கை விதித்தார்கள். 1944 செப்டம்பரில் அந்தத் திரையும் விழுந்தது, கட்டாய வேலைச் சட்டமே கொரியருக்கு விதிக்கப்பட்டது, மறுத்தால் தண்டனை. மட்சுஷிரோவில் முதல் வெடி வைத்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து! தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு எரிந்துபோன ஆவணம் தேவையில்லை.

இந்த "ஆள் சேர்ப்பு" தமிழர்களுக்குத் தெரியாததா? இதே ஜப்பானிய ராணுவம் 1942-43-இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோ மீட்டர் ரயில் பாதை போட்டது. மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனது. நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டியும் கொண்டுபோனார்கள். தெருவில் மடக்கிப் பிடித்தும் கொண்டுபோனார்கள். ஆசை காட்டி அழைத்துப் போனவனும், மடக்கிப் பிடித்துக்கொண்டு போனவனும் ஒரே காலராவில் மாண்டு ஒரே காட்டில்தான் புதைந்தார்கள். அங்கே எவன் "தானாக" வந்தவன்?

ஒரு நாடா அல்ல, பல

மட்சுஷிரோவின் நாடா தனித்த சம்பவம் அல்ல. ஒகினாவாவில் ஷுரி கோட்டைக்கு அடியிலும் யுத்த காலப் படைத் தலைமைச் சுரங்கம் உண்டு. அதன் விளக்கப் பலகையிலிருந்து, ராணுவம் வைத்திருந்த "ஆறுதல் பெண்கள்" பற்றிய குறிப்பும், உளவாளி என்று சொல்லி ஊர் மக்களைக் கொன்ற குறிப்பும் 2012-இல் நீக்கப்பட்டன. 2021 ஏப்ரலில், கொரியரைப் பற்றிப் பேசும்போது "வலுக்கட்டாயமாகக் கொண்டுவந்தார்கள்" என்ற சொற்றொடர் பொருத்தமற்றது என்று ஜப்பானிய மந்திரிசபையே தீர்மானித்தது. பாடப் புத்தகங்கள் திருத்தப்பட்டன. 2024 தொடக்கத்தில், குன்மா மாநிலத்துப் பூங்காவில் நின்ற கொரியத் தொழிலாளர் நினைவுச் சின்னத்தை மாநில நிர்வாகம் இடித்து அகற்றியது. முதலில் சொல்லை மறைத்தார்கள். பிறகு வாக்கியத்தைத் திருத்தினார்கள். இறுதியில் கல்லையே பெயர்த்தார்கள்.

1947-இல் சக்கரவர்த்தி நகானோவுக்குச் சுற்றுப்பயணம் வந்தார். யுத்த காலத்தில் இந்தப் பக்கம் எங்கோ வீணாகக் குழி தோண்டினார்களாமே, அது எங்கே என்று அவர் கேட்டதாக அன்றைய ஆளுநர் பின்னர் எழுதி வைத்திருக்கிறார். வீண் குழி! யாருக்கு வீண்? தங்க வேண்டியவர் தங்காததால் அவருக்கு வீண். கம்பெனிகளுக்கு வீணாகவில்லை. சீன, கொரியத் தொழிலாளர்களை வைத்திருந்ததால் தங்களுக்கு நஷ்டம் என்று மனுப் போட்டு, ஜப்பானின் பெரிய கட்டிடக் கம்பெனிகள் யுத்தத்துக்குப் பின் சர்க்காரிடம் நஷ்டஈடு வாங்கின. உழைத்தவன் ஊர் திரும்பக் கப்பல் தேடி அலைந்தான். உழைப்பை உறிஞ்சியவனுக்கு நஷ்டஈடு!

நமது சண்டை ஜப்பானிய மக்களோடு அல்ல. இந்தச் சுரங்கத்தை மறதியிலிருந்து மீட்டவர்களே அவர்கள்தான். 1985-இல், ஒகினாவாவின் யுத்தக் குகைகளைப் பார்த்துவிட்டு வந்த ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், தங்கள் ஊர்ச் சுரங்கத்தைப் பாதுகாக்க வேண்டுமென்று நகரசபைக்குக் குரல் கொடுத்தார்கள். அதன் பிறகே கதவு திறந்தது. 1995-இல் வாயிலருகே கொரியருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. பட்டாலைத் தொழிலாளர் பொழுதுபோக்கு மண்டபமாக இருந்த வீடு "ஆறுதல் நிலையம்" ஆக்கப்பட்டு, கொரியப் பெண்கள் அதில் அடைக்கப்பட்டார்கள். அந்தக் கதையையும் மறைக்காமல் சொல்ல 1998-இல் ஊர் மக்கள் ஒரு சிறு வரலாற்று இல்லம் திறந்தார்கள். நாடா ஒட்டியபோது முதலில் கண்டித்தவர்களும் இத்தகையவர்கள்தான். ஜப்பானின் மானத்தைக் காப்பவர்கள் யார்? நாடா ஒட்டியவர்களா, அதை உரிக்கச் சொன்னவர்களா?

இந்தப் பிரச்னை பழங்கதை அல்ல. 2022 டிசம்பரில் ஜப்பானிய சர்க்கார் ஐந்து ஆண்டுகளில் 43 லட்சம் கோடி யென் ராணுவச் செலவுக்கு ஒதுக்கத் தீர்மானித்தது. அந்தத் திட்டத்தில் படைத் தலைமை நிலையங்களை நிலத்துக்கு அடியில் கொண்டுபோவதும் சேர்ந்திருக்கிறது. மறுபடியும் தளபதிகளுக்குப் பூமிக்கடியில் இடம்! அடுத்த யுத்தத்துக்குக் குழி வெட்ட வேண்டுமானால், சென்ற யுத்தத்தின் குழி யார் முதுகில் வெட்டப்பட்டது என்பது மறக்கப்பட வேண்டும். நாடாவின் அவசியம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே அந்த ஒரு சொல்லுக்காகப் போராடுவது அற்ப விஷயம் அல்ல. "கட்டாயமாக" என்ற சொல்லை, "சொல்லப்படுகிறது" என்ற வால் இல்லாமல், அது இருந்த இடத்தில் மறுபடியும் எழுத வேண்டும். பாறையில் சிக்கிய இரும்புக் கம்பி எண்பது வருஷமாகத் தன் இடத்தில் நின்று சாட்சி சொல்கிறது. பலகையும் அதே உண்மையைச் சொல்லட்டும்!