மொச்சை வேகும் நேரம்

மதுரை உணவைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளை வரிசையாகப் படித்துவரும் ஒருவருக்கு, இந்த ஊரில் எவரும் வீட்டில் சமைப்பதே இல்லையோ என்ற ஐயம் எழுந்தால் அவரைக் குறைசொல்வதற்கில்லை. கறிதோசை, கொத்துப்பரோட்டா, ஜிகர்தண்டா, பருத்திப்பால், நள்ளிரவு இட்லி. உண்பவர் பெரும்பாலும் ஆண், நேரம் இரவு, செலவைப் பற்றிய பேச்சே கிடையாது. பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளைந்து, இந்நகரத்து வீடுகளின் சட்டிகளில் வேகும் மொச்சையும் தட்டைப்பயறும் காணமும் (வடக்கே கொள்ளு என்பார்கள்) அந்தப் பட்டியலில் சேர்வதில்லை. புனைகதையில் நுழைந்தாலோ அவை வறுமையின் குறியீடாகி விடுகின்றன. பாத்திரம் காணத்தைத் தின்றால் அவன் ஏழை என்று வாசகர் புரிந்துகொள்ள வேண்டும். அது ருசியாக இருந்ததா என்று கேட்கக் கூடாது. கி. ராஜநாராயணனைப் போன்ற சிலரே விதிவிலக்கு.

இதை வெறும் ரசனைக் குறைபாடு என்று விட்டுவிட எங்களால் இயலவில்லை. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு அன்றாடம் புரதம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. கால் கிலோ காய்ந்த மொச்சையில் சுமார் 60 கிராம் புரதம் உண்டு. ஏறத்தாழ பத்து முட்டைகளில் இருக்கும் அளவு. ஊறினால் இரு மடங்காகப் பெருகி, கத்திரிக்காயோடு குழம்பானால் நான்கைந்து பேருக்கு ஒரு வேளைக்குத் தாராளமாகக் காணும். 2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, சாம்பாரில் பருப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிய வீடுகள் எத்தனை! 2007 முதல் ரேஷன் கடையில் சலுகை விலையில் துவரம்பருப்பு கிடைப்பது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. மொச்சையும் காணமும் அங்கே இல்லை.

எதிர்த்தரப்பில் இன்னொரு கூட்டமும் உண்டு. மண்சட்டி, விறகடுப்பு, பாட்டியின் கைமணம் என்று உருகுபவர்கள். குக்கர் வந்துதான் ருசி செத்தது என்பது இவர்களுடைய கட்சி. அந்த அடுப்பின் புகையை ஆயுள் முழுக்க உள்ளிழுத்தவள் கட்டுரை எழுதவில்லை. எழுதியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். குக்கரை நாங்கள் பழிக்க மாட்டோம். ஆனால் இந்த ஏக்கக்காரர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. இரவுச் சமையல் முடிந்த தணலில் பயற்றுச் சட்டியை ஏற்றி மூடிவிட்டு அவள் படுக்கப் போனாள். அவள் அருகில் நிற்காமலே அது வெந்தது. மெதுவாக வேகும் சட்டியின் முழுப் பயனும் அதுதான். வேலை இருப்பவளின் உத்தி அது. பாரம்பரியம் என்று பிற்பாடு பெயர் சூட்டப்பட்டது.

உலகம் முழுக்க இப்படித்தான். மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கும் பாத்திரத்துக்கு அமெரிக்காவில் 1940இல் காப்புரிமை பெற்றவர் இர்விங் நாக்சன். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதற்காக, முந்தைய நாளே பயற்றுச் சட்டியை ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துவிடுவதைத் தாய் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய கருவி முதலில் பயறு வேகவைப்பதற்காகவே விற்கப்பட்டது. 1970களில் வேலைக்குப் போகும் பெண்களின் துணையாகப் புகழ்பெற்றது. கல்கத்தாவில் டாக்டர் இந்துமாதவ் மல்லிக் 1910இலேயே, கரி நெருப்பில் தானாக வேகும் இக்மிக் குக்கரை உருவாக்கிவிட்டார்.

தணல் இல்லாத இன்றைய அடுக்ககத்தில் என்ன செய்வது? இரவு முழுக்க ஊறிய மொச்சையைப் புதுத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்தோடு பழைய கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால், அடுத்த சில மணி நேரத்தை மிச்சச் சூடே பார்த்துக்கொள்ளும். விதை பழசாக இருந்தால் இன்னொரு கொதி தேவைப்படலாம். புளியைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். புளிப்பு பட்டால் பயறு இறுகிவிடும். மதுரையின் ஆழ்குழாய் உப்புத் தண்ணீரிலும் அப்படித்தான். ‘எங்கள் வீட்டில் மொச்சை வேகாது’ என்பவர்கள் முதலில் தண்ணீரைச் சந்தேகிக்கட்டும். சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் சலுகை இல்லை. அதைக் கொதிக்கவிடாமல் மிதமான சூட்டிலேயே வைத்தால் அதிலுள்ள நச்சு அழியாது, வாந்திதான் மிஞ்சும்.

கவனியுங்கள், இதில் எந்த வேலைக்கும் கைமணம் தேவையில்லை. படுக்கப்போகும் முன் ஒரு கிண்ணத்தில் பயற்றைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவதற்கு ஆணாய்ப் பிறந்தது தடையா? பயறு வேகப் பணம் அதிகம் வேண்டாம், நேரம் வேண்டும். அந்த நேரத்தை வீட்டில் ஒருத்தியின் கணக்கிலேயே எழுதிவந்ததால்தான் மைதா பரோட்டா பொட்டலம் அந்த இடத்தைச் சுலபமாகப் பிடித்தது. பொட்டலத்தை வாங்கிவந்தவளை ஏசுவது அநியாயம்.

தை மாதம் சந்தையில் பச்சை மொச்சைக்காய் குவியும். கறிதோசைக் கட்டுரையாளர்களை ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு கிலோ காய் வாங்கி, உட்கார்ந்து உரித்து, ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கிக் குழம்பு வைத்து வீட்டாருக்குப் பரிமாறிவிட்டு, அடுத்த கட்டுரையைத் தொடங்குங்கள். நாங்கள் படிக்கக் காத்திருக்கிறோம்.