ஃபாரின் பீரும் மொட்டை மாடிப் பரீட்சையும்

முதல்லயே ஒரு டிஸ்கி. எனக்கு 22 வயசு. சி.ஏ. எழுதறேன்னு ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டுட்டு லேட்டா பி.காம்ல சேர்ந்தவன். தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு சரக்கு விக்கக்கூடாதுங்கறது சட்டம். அதனால ஃபர்ஸ்ட் இயர் பசங்க எல்லாம் இப்படியே ஓடிடுங்க. குடிங்கன்னு சொல்ல வரலை. குடிக்கிறவன் எதுக்குக் காசு குடுக்கிறான்னு சொல்ல வரேன். எங்கம்மா இதைப் படிக்க மாட்டாங்கங்கற தைரியம் வேற.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க செட்ல ஒருத்தனுக்குப் பிறந்தநாள். வீட்ல எல்லாரும் ஊருக்குப் போயிருந்ததால கொட்டிவாக்கத்துல எங்க மொட்டை மாடிதான் ஸ்பாட். ஒரு பக்கம் இ.சி.ஆர் ஹாரன், இன்னொரு பக்கம் கடல் காத்து. குப்பத்துலேர்ந்து வர்ற நண்பன், அவங்கப்பா போட்ல கடலுக்குப் போறவர், ரெண்டு உள்ளூர் பாட்டிலைப் பேப்பர்ல சுத்திக் கொண்டு வந்தான். அடையாறுலேர்ந்து வந்தவன் அதைப் பிரிச்சுப் பார்த்துட்டு, "இதெல்லாம் மனுஷன் குடிப்பானா மச்சி, ஒரு தடவை ஃபாரின் பீர் அடிச்சா இதைத் தொட மாட்டே"ன்னான். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். அவன் ஒண்ணும் பேசாம பாட்டிலை எடுத்துத் தண்ணி டேங்க் பக்கம் ஓரமா வச்சுட்டான். ராத்திரி பூரா ஸ்ப்ரைட்தான் குடிச்சான்.

அது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. அப்புறம்தான் இந்த 'ஃபாரின்'ங்கற வார்த்தையைக் கொஞ்சம் நோண்ட ஆரம்பிச்சேன்.

அடையாறுக்காரன் சொன்ன ஃபாரின் பீர்ல முக்கால்வாசி ஃபாரினே பார்த்தது கிடையாது. பட்வைசர் இந்தியாவுக்கு 2007-ல வந்தப்பவே ஹைதராபாத்துல காய்ச்சித்தான் வித்தாங்க. ஹைனகென் 2011-லேர்ந்து இங்கேயே தயாராகுது, தயாரிக்கிறது யார்னா நம்ம கிங்ஃபிஷர் போடற அதே யுனைடெட் ப்ரூவரீஸ். இதைவிடத் தமாஷ், 2021-ல அந்த யுனைடெட் ப்ரூவரீஸ் கம்பெனியே டச்சுக்கார ஹைனகென் கைக்குப் போயிடுச்சு. பட்வைசரோட தாய்க் கம்பெனிக்குத் தலைமையகம் பெல்ஜியத்துல. ஆக நாம 'லோக்கல்'னு சொல்ற கிங்ஃபிஷருக்கு முதலாளி ஐரோப்பாக்காரன், 'அமெரிக்கன்'னு சொல்ற பட்வைசருக்கும் முதலாளி ஐரோப்பாக்காரன், ரெண்டும் காய்ச்சறது இந்தியாவுல. எது உள்ளூர், எது வெளியூர்? கார்ப்பரேட் அக்கவுண்டிங்ல ஹோல்டிங் கம்பெனி கணக்குப் போட்டவங்களுக்கு இந்தத் தலைவலி புரியும்.

இந்த விளையாட்டு நம்ம ஊர்ல மட்டும் இல்லீங்க. அமெரிக்காவுல 'டொமெஸ்டிக்', 'இம்போர்ட்டட்'னு மெனு கார்டுலயே ரெண்டாப் பிரிச்சுப் போடுவாங்க, இம்போர்ட்டட்னா ஒண்ணு ரெண்டு டாலர் கூட. ஜெர்மனியோட ப்ரேமன் நகரத்து பெக்ஸ் பீரை 2012-லேர்ந்து அமெரிக்காவுலயே, செயின்ட் லூயிஸ்ல காய்ச்ச ஆரம்பிச்சாங்க. ஜெர்மன் பீர்னு நம்பித்தானே கூடக் காசு குடுத்தோம்னு ஜனங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2015-ல கம்பெனி சமரசத்துக்கு வந்து, ஒரு வீட்டுக்கு 50 டாலர் வரைக்கும் திருப்பித் தர ஒத்துக்கிச்சு. பாட்டில்ல எங்க தயாரிச்சதுன்னு பொடி எழுத்துல போட்டிருந்துதாம், யார் அதைப் படிச்சாங்க?

அதுக்காக அமெரிக்க பீரை 'தண்ணி'ன்னு கிண்டல் பண்றதுல உண்மையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். அங்கே குடியேறின ஜெர்மன்காரங்களுக்குக் கிடைச்ச பார்லியில புரதம் ஜாஸ்தி. அதை இளக்க அரிசியும் சோளமும் சேர்த்தாங்க. பட்வைசர்ல இன்னிக்கும் அரிசி உண்டு. அப்புறம் 1920-லேர்ந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு வந்து சின்னச் சின்ன ஆலைகளை எல்லாம் துடைச்சுப் போட்டுடுச்சு. 1970-களோட கடைசியில அவ்வளவு பெரிய நாட்டுல நூறு ஆலைகூட இல்லை. இன்னிக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேல. 1978-ல சட்டத்தை மாத்தி வீட்டுல காய்ச்சிக்கலாம்னு விட்டாங்க, அப்படிக் காய்ச்சிப் பழகினவங்க பல பேர் சின்ன ஆலை ஆரம்பிச்சாங்க. இப்போ அங்கே நல்ல பீர் வேணும்னா இம்போர்ட்டட் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

நம்ம கதை வேற. 1983-ல ஆரம்பிச்ச டாஸ்மாக் கைக்கு 2003-ல சில்லறை விற்பனையும் வந்துடுச்சு. கடையில வாங்கணும்னா ஒரே கடைதான். எந்த ஆலைச் சரக்கை வாங்கறது, எதை அலமாரியில வைக்கிறதுங்கறதும் அவங்க முடிவு. எகனாமிக்ஸ்ல மோனாபொலிக்கு இதைவிட நல்ல உதாரணம் புரொஃபசரே தர முடியாது. ருசி நல்லா இருந்தா ஜனங்க வாங்குவாங்கன்னு ஒரு சின்ன ஆலைக்காரன் நம்பி இறங்க இங்கே இடமே இல்லை. குடிக்கிறவனும் போதைக் கணக்குதான் போடறான். லைட்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் விலையில பெரிய வித்தியாசம் இல்லாதப்போ அஞ்சு சதவீதத்தை விட்டுட்டு எட்டு சதவீதத்துக்குத்தான் கை போகும். இந்தியாவுல விக்கிற பீர்ல பெரும்பகுதி ஸ்ட்ராங்தான். அந்த இனிப்புக் கலந்த காட்டம் எனக்கும் பிடிக்காது. அடையாறுக்காரன் திட்டினது அதைத்தான்னா அவன் பக்கம் நியாயம் இருக்கு.

ஆனா அவன் திட்டினது லேபிளை. அதனாலதான் பரீட்சை வச்சேன்.

ஒரு உள்ளூர் லைட் லேகர், இங்கேயே காய்ச்சின வெளிநாட்டுப் பேர் லேகர், அப்புறம் ஒரு மாலுக்குள்ள இருக்கிற எலைட் கடையில வாங்கின நிஜமான இறக்குமதி லேகர். மூணையும் ஒரே ஃப்ரிட்ஜ்ல வச்சு, கீழேயே எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி, அடியில நம்பர் ஒட்டி எடுத்துட்டுப் போனேன். விலையை மில்லிக்கு வகுத்துப் பார்த்தா இறக்குமதி, உள்ளூரைவிட மூணு மடங்குக்கு மேல. பீர் வர்றப்பவே அதோட விலைக்குக் குறையாத சுங்க வரி, அதுக்கு மேல மாநிலத்து வரி. ருசிக்குன்னு நாம குடுக்கிறது அதுல எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

குடிச்சது அஞ்சு பேர். இறக்குமதி எதுன்னு சரியாச் சொன்னது ஒரே ஒருத்தன், அதுவும் "சும்மா அடிச்சு விட்டேன்"னு அவனே ஒத்துக்கிட்டான். அடையாறுக்காரன் உள்ளூர் டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு "பார், இதுதான் ஃபாரின், எவ்ளோ ஸ்மூத்"னான். நம்பரைத் திருப்பிக் காட்டினதும் டம்ளர்ல ஏதோ கோளாறுன்னான். குப்பத்து நண்பன் சிரிக்கலை, அதையும் சொல்லணும். "எனக்கு மூணுமே ஒண்ணுதான்டா"ன்னு மட்டும் சொன்னான்.

நாங்க பெருசா ஒண்ணும் கண்டுபிடிச்சுடலை. 1964-லயே அமெரிக்காவுல ஆலிசன், ஊல்னு ரெண்டு பேர் இதை முறையாச் செஞ்சு ஆய்வுக் கட்டுரையாப் போட்டிருக்காங்க. லேபிள் இல்லாத பாட்டில்களைக் குடிச்சப்போ ஜனங்களால தன்னோட பிராண்டைக்கூடப் பிரிச்சுச் சொல்ல முடியலை. லேபிளோட குடுத்ததும் தன் பிராண்டுக்கு மார்க்கை அள்ளிப் போட்டாங்க.

ஒண்ணை மட்டும் மறைக்காம ஒத்துக்கணும். லேகருக்குள்ளதான் இந்தக் குழப்பம். கோதுமை பீரோ, கறுப்பா இருக்கிற ஸ்டவுட்டோ வச்சிருந்தா கண்ணை மூடிக்கிட்டே சொல்லியிருப்போம். அது வேற பண்டம், இட்லியும் ஊத்தப்பமும் மாதிரி. அப்புறம் தூரத்துலேர்ந்து வர்ற பச்சை பாட்டிலுக்கு இன்னொரு ஆபத்து இருக்கு. வெளிச்சம் பட்டா ஹாப்ஸ்ல இருக்கிற சமாச்சாரம் சிதைஞ்சு ஒரு நாத்தம் வரும். பழுப்பு பாட்டில் அதை நல்லாத் தடுக்கும், பச்சை அவ்வளவாத் தடுக்காது. 'ஃபாரின் வாசனை'ன்னு சில பேர் ரசிக்கிறது அதுவாக்கூட இருக்கலாம், ஹிஹி.

இங்கிலாந்துல இருக்கிற என் பெரியப்பா பையன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். அண்ணன் அங்கே படிக்கப் போன புதுசுல, ஊர் ஞாபகம் வந்தா இந்தியன் ரெஸ்டாரண்ட்ல போய் கிங்ஃபிஷர்தான் கேட்பாராம். நம்ம ஊர்லேர்ந்து வருதேன்னு கூடக் காசு குடுத்து. "ஒரு நாள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்டா, அங்கேயே காய்ச்சினதுன்னு போட்டிருந்தான்"னார். பல வருஷம் அதைக் காய்ச்சினது கென்ட்ல இருக்கிற ஷெப்பர்ட் நீம்ங்கற ஆலை.

"அப்புறம் என்னண்ணா பண்ணீங்க?"

"என்ன பண்றது, இன்னொண்ணு சொன்னேன்."