இழுக்குமா என்று கேட்காதீர்கள். நிற்குமா என்று கேளுங்கள்!

வண்டியும் வயலும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: “என்னிடம் 35 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. ஏரல் பக்கம் மூன்று ஏக்கரில் வாழை போட்டிருக்கிறேன். பழைய நான்கு சக்கர டிரெய்லர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தொட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம். ‘35 எச்.பி.க்கு 5 டன் தாராளமாக இழுக்கும்’ என்கிறார் விற்பவர். டிரெய்லரில் பிரேக் கிடையாது. தார் வெட்டும் நாட்களில் சந்தைக்கும், மற்ற நாட்களில் உப்பளத்தில் வாடகைக்கும் ஓட்ட நினைக்கிறோம். 19 வயதுள்ள என் மகன்தான் ஓட்டுவான். 10,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா?”

– ஏரல் வட்டார வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: விற்பவர் சொன்னது பொய் இல்லை. உங்கள் டிராக்டர் 5 டன்னை இழுக்கும். தார் ரோட்டில், சமதரையில், முதல் கியரில் தொடங்கினால் அதற்கு மேலும் இழுக்கும். ஆனால் அவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். இழுக்கிற தெம்பு வேறு, நிறுத்துகிற தெம்பு வேறு. இழுப்பது இன்ஜினின் வேலை. நிறுத்துவது பிரேக்கும், தரையை அழுத்திப் பிடிக்கும் எடையும் சேர்ந்து செய்யும் வேலை. எச்.பி.யைப் பார்த்து டிரெய்லர் வாங்கக் கூடாது. டிராக்டரின் எடையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் டிராக்டர் 1,750 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். அந்தப் பின் சக்கரங்களின் மேல் நிற்பது சுமார் 1,050 கிலோ. இனி டிரெய்லர். காலியாக அது 1,400 கிலோ இருக்கட்டும். அதில் 5 டன் சரக்கு. ஆக, டிராக்டரும் சேர்த்து 8 டன்னுக்கு மேல் ஓடுகிறது. அத்தனையையும் பிடித்து நிறுத்த வேண்டியது, 1,050 கிலோ அழுத்தத்தில் தரையைத் தொடும் இரண்டு டயர்கள்.

டிராக்டர் மட்டும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால், பார்த்து, கால் வைத்து, நிற்பதற்குச் சுமார் 14 மீட்டர் ஆகும். மேலே சொன்ன டிரெய்லரைக் கட்டியிருந்தால் அதே வேகத்தில் சுமார் 37 மீட்டர். வேகம் 40 ஆனால் ஏறக்குறைய 90 மீட்டர். ரயில்வே மேம்பாலத்தின் இறக்கத்தில், 30 அடிக்கு ஓர் அடி சரிவு என்றாலும், 25 கிலோமீட்டர் வேகத்திலேயே 58 மீட்டர் ஆகிவிடும். இது காய்ந்த ரோட்டுக்கும் நல்ல டயருக்கும் போட்ட கணக்கு. மழை பெய்து, ரோட்டில் வாழை மட்டையும் சேறும் கிடந்தால் இன்னும் கூடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இறக்கத்தில் பிரேக் போட்டால் டிராக்டர் நிற்கப் பார்க்கும். பிரேக் இல்லாத டிரெய்லர் நிற்காமல் பின்னாலிருந்து தள்ளும். வண்டி நேராக இல்லாமல் கொஞ்சம் திரும்பியிருந்தால், மடக்குக் கத்தி போல டிராக்டரை ஒருபுறம் மடக்கிவிடும். பல வருடங்களுக்கு முன் ஆற்றுக் கரையிலிருந்து இறங்கும்போது எனக்கே இது நடந்திருக்கிறது. பயத்தில் கிளட்சையும் சேர்த்து மிதித்துவிட்டேன். இன்ஜினின் பிடிப்பும் போய்விட்டது. கரையோரம் நின்ற பனை மரம்தான் வண்டியை நிறுத்தியது. எனக்குத் தோளில் அடி. பின்னால் சுமையின் மேல் ஆள் யாரும் இல்லாதது நான் செய்த புண்ணியம்.

சரி, எவ்வளவுதான் ஏற்றலாம்? அமெரிக்காவில் டிராக்டரோடு கொடுக்கும் கையேடுகளில் ஒரு விதி இருக்கிறது. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால், சரக்கும் சேர்த்து அதன் மொத்த எடை டிராக்டர் எடையைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. வேகம் 32 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பிரேக் உள்ள டிரெய்லருக்கு உச்ச வரம்பு நான்கரை மடங்கு, வேகம் 40. உங்களுக்கு அந்த ஒன்றரை மடங்கு 2,625 கிலோ. அதில் டிரெய்லரின் சொந்த எடை 1,400 போனால், மிச்சம் 1,225 கிலோதான். ஒரு தார் 15 கிலோ என்றால் சுமார் 80 தார். 5 டன் என்று சொல்லி விற்கும் டிரெய்லரில் நீங்கள் பத்திரமாகக் கொண்டுபோகக் கூடியது அவ்வளவே.

டிராக்டர் பெடலோடு சேர்ந்து பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோ ஏர் பிரேக்கோ டிரெய்லரில் இருந்தால் கதை மாறும். ஆனாலும் நம் ஊர் வாய்க்கால் கரை, மேம்பால இறக்கம், பழைய வண்டியின் தேய்மானம் எல்லாவற்றையும் யோசித்தால், இரண்டரை மடங்குக்கு மேல் நான் சொல்ல மாட்டேன். அப்படிப் பார்த்தால் சரக்கு மட்டும் சுமார் 3 டன், அதாவது 200 தார். உங்கள் மூன்று ஏக்கருக்கு அது போதும். ஆர்.சி. புத்தகத்தில் எழுதியுள்ள மொத்த எடை இதைவிடக் குறைவாக இருந்தால், அதுதான் வரம்பு.

தொட்டி நிறைந்தால் எடை சரி என்று நினைக்க வேண்டாம். உங்கள் தொட்டி 120 கன அடி. அதில் மக்காச்சோளம் நிரப்பினால் சுமார் 2.4 டன். உப்பு நிரப்பினால் மூன்றரை முதல் 4 டன். ஈர மணல் என்றால் ஐந்தரை டன் போய்விடும். தொட்டி ஒன்றுதான், எடை இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. அதனால், உப்பு ஏற்றினால் முக்கால் தொட்டியோடு நிறுத்துங்கள். எந்த மட்டம் வரை என்று தொட்டியின் உள்பக்கம் பெயின்டில் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

தூத்துக்குடியைச் சுற்றி, உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் போகும் வழிகளில் எடை மேடைக்குக் குறைவில்லை. ஒரு நாள் செலவழித்து மூன்று சீட்டு வாங்குங்கள்: டிராக்டர் மட்டும், காலி டிரெய்லர் மட்டும், சுமையோடு இரண்டும் சேர்த்து. நான் மேலே போட்ட கணக்கில் உங்கள் எண்களை வைத்துப் பாருங்கள்.

தேரிக்காட்டுப் பக்கம் வாடகை வந்தால் இன்னொன்றையும் பாருங்கள். தார் ரோட்டில் 6 டன் டிரெய்லரை உருட்டிக்கொண்டே இருக்க 100, 120 கிலோ இழுவிசை போதும். செம்மணலில் அதே டிரெய்லருக்கு 1,000 கிலோ இழுவிசை தேவைப்படலாம். உங்கள் டயர் அந்த மணலில் பிடித்து இழுக்கக் கூடியது 300, 400 கிலோதான். 35 எச்.பி. இருந்தும் சக்கரம் சுற்றிக் குழி தோண்டும். அப்போது டிரெய்லரை உயரமாக, டாப் லிங்க் பக்கம் சங்கிலி போட்டு இழுக்க நினைக்காதீர்கள். முன் சக்கரம் தூக்கி, டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே கவிழும். கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும்தான் கட்ட வேண்டும்.

மகனைப் பற்றி. சொந்த வாழைத்தாரைச் சொந்த டிராக்டரில் ஏற்றுவது வேறு. வாடகைக்கு உப்பு ஏற்றுவது வேறு. வாடகைக்குப் போனால் அது போக்குவரத்து வாகனம். அதை ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். விவசாயத்துக்கு என்று பதிவும் காப்பீடும் எடுத்துவிட்டு வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்க வழி கிடைத்துவிடும். நஷ்டஈடு உங்கள் மூன்று ஏக்கர் மேல் வந்து நிற்கும். அதிக பாரத்துக்கான அபராதமும் 2019 திருத்தத்துக்குப் பிறகு சின்னத் தொகை இல்லை: 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது.

தார் வெட்டிய ஆட்களை, பெண்களை, சுமையின் மேல் ஏற்றி அனுப்பும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. தயவுசெய்து நீங்கள் அதைத் தொடங்காதீர்கள். டிரெய்லர் கவிழ்ந்தால் முதலில் நசுங்குவது அவர்கள்தான். சரக்கு டிரெய்லரில் ஏறிய ஆளுக்குக் காப்பீடு கேட்டுப் போனால் வழக்கில்தான் முடியும். ஆட்டோவுக்கு ஆகும் சில நூறு ரூபாயைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

ஆகவே என் பதில்: இப்போது இருக்கிற நிலையில் இந்த டிரெய்லரை வாங்க வேண்டாம். விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். டிரெய்லருக்குத் தனியாக ஆர்.சி. இருக்கிறதா? பிரேக் பொருத்தித் தருவீர்களா, இல்லை அந்தச் செலவை விலையில் கழிப்பீர்களா? இரண்டுக்கும் சரி என்றால் வாங்குங்கள். 200 தாருக்கு மேல் ஏற்றாதீர்கள். உப்பு வாடகையை மகனுக்கு 20 வயது நிறைந்து, அதற்கான பதிவும் காப்பீடும் எடுத்த பிறகு யோசிக்கலாம். விற்பவர் ஒத்துவராவிட்டால் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தராவிட்டாலும், 10,000 ரூபாயோடு போனது என்று விட்டுவிடுங்கள். கொடுத்த முன்பணம் வீணாகக் கூடாது என்று பையனை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.

வாங்கினால் மறக்கக் கூடாதவை:

* ரோட்டில் ஏறுமுன் இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் தாழ் போட்டு இணையுங்கள். வயலில் தனித்தனியாக மிதிக்கிற பழக்கத்தில் ரோட்டில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி திரும்பிவிடும்.

* எந்தக் கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். இறக்கத்தில் கிளட்சை மிதிக்காதீர்கள்.

* கொக்கிப் பின்னுக்குப் பூட்டு ஊசி, கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலி.

* பின்னால் சிவப்பு ஒளிர் பட்டையும் எரிகிற விளக்கும் கட்டாயம். இரவில் நான்குவழிச் சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர், பைக்கில் வருபவருக்கு எமன்.

* உப்பு ஏற்றிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பட்டை வில், பிரேக், கொக்கிப் பின் இவற்றை உப்பு சத்தமில்லாமல் தின்றுவிடும். பின்னின் தேய்மானத்தை மாதம் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: “சின்ன பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகிறேன். பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் கட்டினால் ஒரே நடையில் இன்னும் 30 ஆடு கொண்டுபோகலாமே?”

– விளாத்திகுளம் வட்டார வாசகர்

பதில்: அமெரிக்காவில் குடும்பத்தோடு ஊர் சுற்ற, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டியைப் பிக்கப்பின் பின்னால் கட்டி இழுத்துப் போவார்கள். ‘அரை டன் பிக்கப்’ என்று அதற்குப் பழைய பெயர். அங்கேயும் இதே தவறுதான் நடக்கிறது. விளம்பரத்தில் போட்ட இழுவைத் திறனை மட்டும் பார்த்துப் பெரிய வண்டியை வாங்கிவிடுவார்கள். இரண்டு சக்கர டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவிகிதம் பிக்கப்பின் கொக்கி மேல் அழுத்தும். அந்த எடையும் பிக்கப் சுமக்கும் பாரத்தில் சேர்த்தி என்பதை மறந்துவிடுவார்கள்.

உங்கள் கணக்கு: ஆடு ஒன்று 25 கிலோ என்றால் 30 ஆடு 750 கிலோ. டிரெய்லர் 400 கிலோ. மொத்தம் 1,150, கொக்கி மேல் 115 முதல் 170 கிலோ வரை. பிக்கப்பிலும் ஏற்கெனவே நிறைய ஆடு ஏற்றியிருந்தால் பின்பக்கம் அமுங்கும், முன் சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் பிடி தளரும். கொக்கி மேல் எடை குறைந்தாலும் ஆபத்துதான். டிரெய்லர் பாம்பு போல இருபுறமும் ஆடும். வாழைத்தார் வைத்த இடத்தில் இருக்கும். ஆடு இருக்காது. பிரேக் போட்டால் எல்லாம் முன்னால் ஓடும், வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கும்.

டிரெய்லர் இழுக்க வண்டியைத் தயாரித்தவர்கள் அனுமதித்திருக்கிறார்களா என்று முதலில் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால், பட்டறையில் கொக்கி வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். அக்கம்பக்கத்தில் ஆடு வளர்ப்பவர் நான்கு பேர் சேர்ந்து கொஞ்சம் பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தால், ஆளுக்கு ஆகும் செலவு குறையும். ஆடும் நசுங்காமல், எடை குறையாமல் சந்தைக்குப் போய்ச் சேரும்.

டிரெய்லர், டிராக்டர், மோட்டார் பற்றிய கேள்விகளைத் தபாலில் எழுதுங்கள். வண்டியின் எச்.பி.யோடு, எடை மேடைச் சீட்டில் உள்ள எடையையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.