நட்பு வற்றினால் சேவையும் வற்றும்

சேவை மன்றங்கள் மீது நம் ஊரில் ஒரு குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. கூடுகிறார்கள், விருந்து சாப்பிடுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். சேவை எல்லாம் பெயருக்குத்தான் என்பார்கள். உறுப்பினர்களின் நட்பை வீண் செலவாகவும், வெளியே செய்யும் உதவியை மட்டுமே வரவாகவும் எழுதும் கணக்கு இது. இந்தக் கணக்கு தவறு என்பதே என் கருத்து. நட்புதான் இந்த மன்றங்களின் முதல். அது கரைந்த இடத்தில் சேவையும் நெடுநாள் நிற்பதில்லை. இதைச் சோதித்துப் பார்க்க டென்மார்க்கைவிடப் பொருத்தமான நாடு கிடைப்பது அரிது.

காரணம் எளிது. அங்கே மருத்துவமனைச் செலவையும் பல்கலைக்கழகப் படிப்பையும் அரசே வரிப்பணத்தில் ஏற்கிறது. முதியோரை நகராட்சி கவனித்துக்கொள்கிறது. தேவை மட்டுமே சேவை மன்றங்களை வளர்க்கும் என்றால், அவை அங்கே எப்போதோ பட்டுப்போயிருக்க வேண்டும். ஆனால் ரோட்டரி, லயன்ஸ், ரவுண்ட் டேபிள், ஒய்ஸ்மென் மன்றங்கள் அந்த நாட்டின் சிற்றூர்கள் வரை இன்றும் இயங்குகின்றன. 1927இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் தொடங்கிய ரவுண்ட் டேபிள், 1936இல் பிரிட்டனுக்கு வெளியே முதன்முதலாகக் கால்பதித்ததே கோபன்ஹேகனில்தான். சென்னையில் அது தொடங்கியது 1962இல். கூடிச் செயல்படுவது டேனிஷ் மக்களுக்குப் புதிதல்ல. சங்கம் அமைக்கும் உரிமையை அவர்களின் 1849ஆம் ஆண்டு அரசியல் சாசனமே தந்தது. 1882இல் மேற்கு ஜட்லாந்தின் யெடிங்கில் உருவான கூட்டுறவுப் பால் பண்ணையும், அதைப் பின்பற்றி எழுந்த பண்ணைகளும், எத்தனை மாடு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்ற வழக்கத்தை வளர்த்தன. சமமாக உட்கார்ந்து பேசும் அந்தப் பழக்கம்தான் மன்றக் கூட்டங்களிலும் தொடர்கிறது.

அங்குள்ள கூட்டம் ஒன்றின் நடைமுறையைப் பாருங்கள். பல மன்றங்களில் உறுப்பினர் ஒருவர் எழுந்து மூன்று நிமிடம் பேசுவார். வேலையில் வந்த சிக்கல், மகனின் படிப்பு, ஊர்ச் செய்தி என எதுவும் பேசலாம். புதிதாகச் சேர்ந்தவர் ஒரு மாலை முழுவதும் தன் வாழ்க்கையைச் சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பொழுதுபோக்காகத் தெரியலாம். ஆனால் யாருக்கு எது வரும், யார் சொன்னால் செய்து முடிப்பார், யார் இப்போது துயரத்தில் இருக்கிறார் என்பது இப்படித்தான் தெரியவருகிறது. வரலாறும் இதையே காட்டுகிறது. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் ரோட்டரியைத் தொடங்கியபோது நோக்கம் தோழமையும் தொழில் அறிமுகமும்தான். நகரில் பொதுக் கழிப்பறை கட்டும் முயற்சியை மன்றம் கையிலெடுத்தது 1907இல். அதே ரோட்டரி 1985இல் போலியோ ஒழிப்பை அறிவித்தது. தென்கிழக்கு ஆசியா போலியோ இல்லாத பகுதி என்ற சான்று இந்தியாவுக்கும் சேர்த்துக் கிடைத்தது 2014இல். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரே வேலையில் தளராமல் நிற்க ஒரு நாள் நன்கொடை போதாது. அடுத்த வாரமும் அதே முகங்களைச் சந்திக்க வேண்டும் என்ற பிடிப்பு வேண்டும்.

விருந்துக்கு ஆகும் பணத்தை ஏழைக்கே கொடுக்கலாமே என்று கேட்கலாம். ஒருமுறை கொடுக்கலாம், பத்தாவது ஆண்டும் கொடுக்க வைப்பது உறவுதான். ஆடம்பர விருந்துக்கு நான் வாதாடவில்லை. ஒரு கோப்பை காபிக்கும் நட்பு வளரும். இன்னொரு கேள்வி கடினமானது: தமக்குள் பழகுகிறவர்கள் பிறரை வெளியே நிறுத்திவிடமாட்டார்களா? நிறுத்தியிருக்கிறார்கள். ரோட்டரி தன் விதியை மாற்றி உலகெங்கும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1989இல்தான். அது அநீதி. ஆனால் அந்த அநீதிக்கு மருந்து நட்பைக் குறைப்பதல்ல, வட்டத்தைப் பெரிதாக்குவது. ரவுண்ட் டேபிளில் குறிப்பிட்ட வயது வரம்பை எட்டியவர் விலகி இளையவருக்கு இடம் விடுகிறார். பழகியவர்களே நாற்காலிகளைப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் நல்ல விதி இது.

இது டென்மார்க்கில் வாழும் தமிழர்களுக்கும் பொருந்தும். 1980களில் ஈழத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள் ஹெர்னிங், பிராண்டே போன்ற ஜட்லாந்து ஊர்களில் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் அமைத்துத் தமக்குள் வலுவான உறவை வளர்த்திருக்கிறார்கள். அந்தச் சங்க வாழ்வைக் கைவிடாமலே, அடுத்த தலைமுறை தன் ஊரின் சேவை மன்றத்திலும் சேர வேண்டும். குடியுரிமையை அரசு தரலாம். பக்கத்து வீட்டுக்காரரின் நட்பை அரசால் தர முடியாது. தமிழ்நாட்டு மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்தில் மாலை, பொன்னாடை, வரவேற்புரைக்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைத்து, புதிய உறுப்பினர் ஒருவரைப் பேசவிட்டுக் கேளுங்கள். சேவைத் திட்டத்தை அதற்குப் பிறகு தீட்டுங்கள்.