மீன் குஞ்சுக்கு அரை மணி நேரம்

கோவை, ஈரோடு மாவட்டங்களில் பண்ணைக்குட்டை வெட்டிய சிறு விவசாயிகள், பவானிசாகர், ஆழியாறு மீன் பண்ணைகளிலிருந்து கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி வந்து விடுகின்றனர். மறுநாள் குஞ்சுகள் செத்து மிதந்தால், "குஞ்சு சரியில்லை" என்பதே முதல் பேச்சு. பல நேரங்களில் குறை குஞ்சில் இல்லை. கரையில் காட்டிய அவசரத்தில்தான் இருக்கிறது.

பிராணவாயு அடைத்த பாலிதீன் பையின் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. மீனின் உடற்சூடு தண்ணீரோடு ஏறி இறங்கும். திடீர் மாற்றத்தைக் குஞ்சு தாங்காது. ஆகவே, கட்டை அவிழ்க்காமல் பையைக் குட்டையில் வெயில் படாத பக்கமாகக் கால் மணி முதல் அரை மணி நேரம் மிதக்கவிட வேண்டும். பிறகு பையைத் திறந்து, குட்டைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சாய்த்துப் பிடித்தால், குஞ்சுகள் தாமாகவே நீந்திப் போகும். திறந்த பையை நெடுநேரம் வைத்திருப்பதும் தவறு. கரியமில வாயு வெளியேறியதும், கழிவிலுள்ள அம்மோனியாவின் நச்சு கூடிவிடும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் பிராணவாயு குறைவு. இறைத்த அன்றே குஞ்சு விடக் கூடாது.

தக்காளி நாற்றை உச்சி வெயிலில் நடும் விவசாயி கொங்கு நாட்டில் இல்லை. மீன் குஞ்சும் நாற்றுத்தான். காலையிலோ மாலையிலோ விடுவதே நலம். குஞ்சை எண்ணிக் கொடுப்பவர்கள், இம்முறையையும் ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு சொற்பம். குஞ்சு செத்தால் போவது, சிறு விவசாயி போட்ட முதலும் ஒரு பருவமும்.